ஆரு என்னும் நிரல்

கம்ப்யூட்டர் திரையைத் தொடாதீர்கள் என்று எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தோம். ஒரே ஒரு ஆளுக்காக ஒட்டிய தாள் அது. என்னோடு வேலை பார்த்த அக்கா அதை நிதானமாக வாசித்துவிட்டு, "இது ஆருக்கு எழுதினது?" என்று கேட்டாள். பிறகு வழக்கம்போல ஆள்காட்டி விரலைத் திரையின் முதல் வரியில் வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தினாள். இடது கையின் விரல் மேசையில் கிடந்த படிவத்தின் மேல் நகர்ந்தது. இரண்டு விரலும் ஒரே ஆளின் மேல்தான் நிற்கின்றன என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராகும். சாயங்காலம் பார்த்தால் திரையின் மேல்பகுதி முழுக்க விரல் கறையாக இருக்கும். அதைத் துடைப்பது என் வேலை. முணுமுணுத்துக்கொண்டே துடைப்பேன்.

சுனாமி கழிந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. கடற்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தம் பார்க்கும் திட்டம் ஒன்று வெளியூர்ப் பணத்தில் வந்திருந்தது. நெய்யூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஓர் உரக்கடைக்கு மேலே இரண்டு அறை. எந்த ஆஸ்பத்திரியோடும் சேராமல் தனியாக நடந்து, மூன்றே வருடத்தில் மூட்டை கட்டிய திட்டம் அது. இன்று தேடினால் அந்தப் பெயர்ப்பலகைகூடக் கிடைக்காது.

நர்சுகள் ஊர்களுக்குப் போய்ப் படிவம் நிரப்பிக் கொண்டுவருவார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கணக்கிடுவது எங்கள் இரண்டு பேர் வேலை. நான் நாஞ்சில்நாட்டு வயக்காட்டுப் பக்கத்துப் பையன், நாகர்கோவிலில் புள்ளியியல் படித்த பட்டதாரி. அக்கா கடியப்பட்டணத்துக்காரி, என்னைவிட நாலு வயது மூப்பு, தமிழ் மீடியத்தில் ப்ளஸ் டூவோடு நின்றவள். எனக்கு முன்பே சேர்ந்துவிட்டதால் பொறுப்பும் கையெழுத்தும் அவளுடையவை. அது எனக்குக் கொஞ்சம் குறைச்சலாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

கணக்கெல்லாம் ஆர் என்ற கம்ப்யூட்டர் மொழியில் போட வேண்டும் என்று திட்டத்தை நடத்திய டாக்டர் சொன்ன நாள் நினைவிருக்கிறது.

"ஆரு?" என்றாள் அக்கா.

"ஆர்" என்றார் டாக்டர்.

"அதான் சார் கேக்கேன். ஆரு?"

டாக்டர் சென்னைக்காரர். எங்கள் பக்கத்தில் யார் என்பதற்கு ஆரு என்போம் என்பது அவருக்குத் தெரியாது. நான் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அக்கா சிரிக்கவில்லை. "பாஷைக்கே ஆருன்னு பேரு போட்டிருக்கான். அப்பம் ஆளக் கேட்டுட்டுத்தான் கணக்கு கேப்பான், இல்லியா?" என்றாள். அன்று முதல் ஒவ்வொரு படிவத்தையும் கையில் எடுக்கும்போது, "நீ ஆரு மக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டச்சு செய்வாள். முதலில் கேலியாகத்தான் இருந்தது. போகப்போக அவளுக்கு அது வேலையின் ஒரு பகுதியே ஆகிவிட்டது.

மேட்ரிக்ஸ் என்பதைப் பள்ளிக்கூடத்தில் அணி என்று படித்திருப்போம். குறுக்கே போவது நிரை. நெடுக்கே இறங்குவது நிரல். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறையாவது மாற்றி எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விட்டிருப்பார்கள். அக்காவுக்கு அந்தப் பயம் பள்ளியோடு போகவில்லை. "நிரை கெடப்பு, நிரல் நிப்பு" என்று துண்டுத்தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தாள். படுத்துக் கிடப்பது நிரை, எழுந்து நிற்பது நிரல்.

ஆர் மொழியில் அணி செய்ய எளிய வழிகள் சில உண்டு. இருக்கிற எண்களையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டி, மேட்ரிக்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்து, இத்தனை நிரலாக அடுக்கு என்று சொல்லலாம். கண்ணிமைக்கும் நேரத்தில் அடுக்கிவிடும். இன்னொரு வழி, ஒவ்வொரு நிரையாகச் செய்து ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டுவது. அதற்கு ஆர்பைண்ட் என்று பெயர். பைண்ட் என்றால் கட்டு, முன்னால் நிற்கும் ஆர் 'ரோ', அதாவது நிரை. நிரலாகக் கட்டுவதற்கு சிபைண்ட். எனக்குக் கொட்டுகிற வழிதான் பிடிக்கும். அக்கா ஆர்பைண்டைத் தவிர வேறொன்றைத் தொடமாட்டாள். ஓர் ஆளின் எண்களை ஒரு நிரையாகச் செய்வாள், பெயர் வைப்பாள், விரலால் தொட்டுப் பார்ப்பாள், கட்டுவாள். பிறகு அடுத்த ஆள்.

"அக்கா, இப்பிடி கெட்டிக்கிட்டே இருந்தா ஓணம் வந்துரும்."

"வரட்டு. ஓணத்துக்கும் ஆளுக்கு ஒரு எலைதான போடுவாவ? மொத்தமா தரையில கொட்டிட்டு அள்ளித் தின்னுன்னா சொல்லுவாவ?"

நான் சாயா குடிக்கப் போய்விடுவேன்.

படிவத்தில் சில கட்டங்கள் காலியாக வரும். ஆள் கடலுக்குப் போயிருப்பார், அல்லது கல்ஃபுக்குக் கிளம்பியிருப்பார். ஒருமுறை அவசரத்தில் அப்படிப்பட்ட கட்டங்களில் நான் சைபர் போட்டுவிட்டேன். அக்காவுக்கு வந்த கோபத்தை அன்றுதான் பார்த்தேன். "சைபருன்னா ஒண்ணும் இல்லன்னாக்கும். இவிய இல்லாத்த ஆளா? என்ஏ போடு. என்ஏன்னா ஆளு உண்டு, நமக்கு இன்னும் கிட்டல்லன்னு அர்த்தம்." புத்தகத்தில் அதைக் கிடைக்காத மதிப்பு என்று போட்டிருக்கும். இதைவிடச் சரியாக எனக்கு எந்தப் பேராசிரியரும் சொன்னதில்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எங்கள் தவறுகளுக்கென்றே தனியாக ஓர் அணி வைத்திருந்தாள். அதன் பெயர் 'தப்பு'. நாலு நிரல்கள்: தேதி, ஃபைல், என்ன, ஆரு. ஆரு என்ற நிரலில் பெரும்பாலும் அவள் பெயர்தான் இருக்கும். அங்கங்கே என் பெயர். "சின்னப் பிள்ளைய மாதிரி பேரு எழுதி வைக்கணுமாக்கும்?" என்று கேட்டேன். "உன் தப்பு என் நிரையில வந்துரக்கூடாது. என் தப்பு உன் நிரையிலயும் வரக்கூடாது. அவ்வளவுதான்" என்றாள்.

மாலையில் ஆரை மூடும்போது அது ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, இதுவரை செய்ததை வைத்துக்கொள்ளவா என்று கேட்கும். எஸ், நோ என்று இரண்டு பொத்தான். அக்காவுக்கு அது கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் போலத் தோன்றுமாம். "சாமியாரு கம்பி ஜன்னலுக்கு அந்தால இருந்து கேக்கது மாதிரியே கேக்குது பாரு" என்று சொல்லிக்கொண்டே எஸ் அழுத்துவாள்.

இந்தப் பிடிவாதம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒருநாள் சொன்னாள். மழை, மின்சாரம் இல்லை, வேறு வேலையும் இல்லை. சுனாமிக்குப் பிறகு முகாமில் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் என்று பட்டியல் எழுதினார்கள். யாரோ எழுதியதில் ஒரு வரி கீழே நழுவியிருந்தது. காணாமல்போன ஒரு பிள்ளையின் பெயர் கிடைத்தவர்களில் வந்துவிட்டது. அதை மைக்கில் வாசித்தது அக்கா.

"அந்தப் பிள்ளைக்க அம்மை ஓடி வந்தா. செருப்பு இல்லாம ஓடி வந்தா. நான் எழுதின லிஸ்ட் இல்ல கேட்டியா. ஆனா வாசிச்சது நானாக்கும்" என்றாள். பிறகு மின்சாரம் வந்தது. அவள் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

இனி என் கதைக்கு வர வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

தேங்காய்ப்பட்டணம் போகும் வழியில் ஒரு கடற்கரை ஊர். அங்கே ஒவ்வொருவருக்கும் மூன்று வெவ்வேறு நாட்களில் பிரஷர் பார்த்தார்கள். மூன்று மேல் அளவுகளின் சராசரி கூடுதலாக இருப்பவர்களுக்கு ஒரு சீட்டு போகும். சீட்டோடு வந்தால் டாக்டர் பார்த்து மருந்து கொடுப்பார். இதுதான் ஏற்பாடு. அந்த ஊரில் சாளை மீன் விற்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். நர்சுகளோடு நான் போகிற நாட்களில் எங்களுக்குப் பால் இல்லாத கட்டன்சாயா போட்டுத் தருவாள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வாள். அவளுக்கு மூன்று நாளும் பிரஷர் ஏறியே இருந்தது. "சீட்டு வரும்மா, வந்ததும் டாக்டரப் பாக்கணும்" என்று நர்சு சொல்லி வைத்திருந்தாள்.

பட்டியல் சனிக்கிழமை போக வேண்டும். வியாழக்கிழமை வரை அக்கா பாதி ஊரைத்தான் கட்டி முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், வரவில்லை. நான் அவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அவள் கட்டியதைத் தள்ளி வைத்துவிட்டு, படிவங்களை வரிசையாக அடுக்கி, ஆள் ஆளாக எல்லா எண்களையும் ஒரே சரமாகத் தட்டினேன். மேட்ரிக்ஸ், மூன்று நிரல் என்று கட்டளை கொடுத்தேன். பெயர்களை ஒட்டினேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. விசில் அடித்துக்கொண்டே சாப்பிடப் போனேன்.

மேட்ரிக்ஸ் கட்டளை எண்களை நிரலாகத்தான் நிரப்பும், மேலிருந்து கீழே. நிரையாக நிரப்ப வேண்டுமென்றால் பைரோ ட்ரூ என்று கூடவே சொல்ல வேண்டும். முதல் பாடத்திலேயே வரும் விஷயம். நான் சொல்ல மறந்தேன். முதல் ஆளின் மூன்று அளவுகளும் குறுக்கே கிடப்பதற்குப் பதிலாக ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி, மூன்று வேறு ஆட்களின் பெயருக்கு நேரே போய் உட்கார்ந்தன. எல்லாம் பிரஷர் எண்கள்தானே, பார்த்தால் ஒன்றும் தெரியாது. எண்ணிக்கையும் சரியாக இருந்ததால் ஆர் ஒரு வார்த்தை முனகவில்லை. கூடுதல் அழுத்தம் உள்ளவர்களின் எண்கள் மற்றவர்களிடம் சிதறி, சராசரியில் கரைந்துவிட்டன. பட்டியல் சின்னதாக வந்தது. ஊர் ஆரோக்கியமாக இருக்கிறது என்று டாக்டருக்கே சந்தோஷம்.

சனிக்கிழமை காலை அக்கா வந்தாள். தூங்காத முகம்.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சாச்சுக்கா."

"முதல் நிரையத் தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன்.

பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லை எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பதுதான் இன்றும் எனக்கு ஆச்சரியம். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பேனாவை எடுத்தாள், கையெழுத்துப் போட்டாள். தானே தொட்டுப் பார்க்காமல் அவள் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு தடவைதான்.

சீட்டு கொடுக்கப் போனபோது, வேறொரு நர்சோடு நானும் போயிருந்தேன். சாளைக்கார அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு சீட்டு இல்லியா மக்கா?"

பட்டியலைப் பார்த்தேன். "உங்க பேரு இல்லம்மா. உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

"மாதாவே" என்று நெஞ்சில் கை வைத்தாள். "கேட்டதுமே பெலன் வந்த மாதிரி இருக்கு." சாயா போட உள்ளே போனாள். நான் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மூன்றாவது வாரம் அவள் சந்தையில் மீன்கூடையோடு விழுந்தாள். உயிர் போகவில்லை. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. சாளை சாளை என்று தெரு முழுக்கக் கேட்கிற குரல் அவளுடையது.

செய்தியோடு வந்த நர்சு, "மூணு நாளும் அவியளுக்கு ஏறித்தான இருந்துது, சீட்டு போகல்லியா?" என்று கேட்டாள். அக்கா எழுந்தாள். அலமாரியிலிருந்து படிவத்தை எடுத்தாள். இடது விரல் படிவத்தில், வலது விரல் திரையில். இரண்டும் வேறு வேறு ஆளின் மேல் நின்றன. அவள் விரல் மெல்லக் கீழே இறங்கியது. முதல் நிரலில், ஒன்றன்கீழ் ஒன்றாக, அந்த அம்மாவின் மூன்று எண்களும் இருந்தன.

"நிக்குது" என்றாள் அக்கா. "கெடக்க வேண்டியது நிக்குது."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் படிவத்தை எடுத்தாள். "நீ ஆரு மக்கா" என்று கேட்டாள். முழு ஊரையும் மறுபடி ஆள் ஆளாகக் கட்டினாள். நாலு நாள் ஆயிற்று. சீட்டு போயிருக்க வேண்டியவர்கள் இன்னும் ஏழு பேர் கிடைத்தார்கள். அந்த ஏழு சீட்டையும் அவளே பஸ் ஏறிப்போய் வீடு வீடாகக் கொடுத்தாள். ஏழு பேரும் தப்பித்தார்கள். சாளைக்கார அம்மாவுக்கும் ஒரு சீட்டு எழுதி எடுத்துக்கொண்டு போனாளாம். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

டாக்டர் எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். மேசையில் அந்தப் பழைய பட்டியல்.

"ஆர்ல இத யார் பண்ணது?"

ஃபைல் அக்காவின் கம்ப்யூட்டரில், அக்காவின் பெயரில் இருந்தது. அடியில் அக்காவின் கையெழுத்து. ஆனால் அவர் கேட்டது கையெழுத்தை அல்ல. யார் செய்தது என்றுதான் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். மிரட்டவோ கெஞ்சவோ இல்லை. படிவத்தைப் பார்ப்பது மாதிரி, நீ ஆரு என்று கேட்பது மாதிரிப் பார்த்தாள். எனக்கு அப்போது வேறொரு வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்திருந்தது. அதற்கு டாக்டரின் கடிதம் வேண்டும். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஒரு பக்கமாக ஆடிக்கொண்டு சுற்றியது. அவள் எனக்காகக் காத்திருந்தாள்.

"கையெழுத்து என்னது சார்" என்றாள் கடைசியில்.

அவள் பொய் சொல்லவில்லை. நான் செய்தேன் என்று அவள் சொல்லவே இல்லை. ஆனால் டாக்டர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ப்ளஸ் டூ படித்தவளிடம் இதையெல்லாம் கொடுத்தது தன் தவறு என்று, அவள் நிற்கும்போதே ஆங்கிலத்தில் சொன்னார். அக்காவுக்கு ஆங்கிலம் அவ்வளவு விளங்காது என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். மாதக் கடைசியில் அவளை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கடிதம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. போகும்போது எங்கள் ஃபைல்களை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன்.

பல வருடம் கழித்து அவளைத் திங்கள்சந்தை பஸ் நிலையத்தில் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. கையில் முருங்கைக்காய் கட்டு. ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். அதற்குள் பார்த்துவிட்டாள்.

"சொகமா இருக்கியா?"

"இருக்கேன்க்கா. நீங்க?"

"இருக்கேன். ஊரிலே ஒரு பள்ளிக்கூடத்துல ஆபீசு வேல." கொஞ்ச நேரம் பஸ் வரும் பக்கம் பார்த்தாள். "இப்பம் முதல் நிரையத் தொட்டுப் பாக்கியா?"

"பாக்கேன்."

"அண்ணைக்கும் இதத்தான் சொன்ன" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். சாளைக்கார அம்மா முந்தின வருடம் இறந்துபோனதையும் அவள்தான் சொன்னாள். அடக்கத்துக்குப் போயிருந்தாளாம். பஸ் வந்து நின்றது. ஏறும்போது திரும்பி, "நம்ம ஃபைலெல்லாம் நீ எடுத்திருப்பல்லா, தப்பு லிஸ்டத் தொறந்து பாத்தியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"ஒரு கட்டம் பாக்கி கெடக்கு. நேரம் கிட்டும்போ பாரு."

அன்றே வீட்டில் அந்தப் பென் டிரைவைத் தேடி எடுத்தேன். ஆரைத் திறந்து தப்பு என்று தட்டினேன். அணி திரையில் விரிந்தது. தேதி, ஃபைல், என்ன, ஆரு. அவள் பெயர், அவள் பெயர், என் பெயர், மறுபடி அவள் பெயர். கடைசி நிரையில் அந்த ஊரின் ஃபைல். 'என்ன' என்ற நிரலில், 'நிரை நிரலாயிட்டு, சீட்டு போகல்ல' என்று எழுதியிருந்தாள். 'ஆரு' என்பதற்கு நேரே என்ஏ. தன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. ஆள் உண்டு, இன்னும் கிட்டல்ல.

என் பெயரை அந்தக் கட்டத்தில் தட்டினேன். அணியை மறுபடி விரித்து, அவளைப்போலவே திரையில் விரலை வைத்துக் கடைசி நிரையை இடமிருந்து வலமாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அந்த ஃபைலை உலகத்தில் இனி யாரும் திறக்கப்போவதில்லை. அங்கே என் பெயர் இருந்தால் எனக்கு ஒரு கேடும் வரப்போவதில்லை. அதுவும் தெரியும்.

ஆரை மூடினேன். சின்னப் பெட்டி வந்து, செய்ததை வைத்துக்கொள்ளவா என்று கேட்டது. நான் நோ என்பதை அழுத்தினேன்.